வீட்டுப் படங்களுக்கு எந்த மென்பொருள்? - ஒரு சிறு வரலாறு

முன்னுரை

"வீட்டுல இருக்கற பழைய போட்டோ எல்லாத்தையும் சரி பண்ணணும். எந்த சாஃப்ட்வேர் போடலாம்?"

கல்லூரியிலும் இணையத்திலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் யோசிக்காமலே ஒரு பதில் வரும்: "போட்டோஷாப் போடு!" இன்று அதோடு நாலைந்து மொபைல் ஆப் பெயர்களும் சேர்ந்து வரும். இந்தப் பதில் எப்படி உருவானது, அது வீட்டுக்குப் பொருந்துமா என்பதைப் பார்க்கக் கொஞ்சம் வரலாறு தேவை.

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர். திருவள்ளூர் மாவட்டத்தின் வட ஓரம். ஆந்திர எல்லையை ஒட்டிய சோதனைச்சாவடியால் லாரி ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பெயர். பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சராசரி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாலை போட்ட ஒரு கருப்பு வெள்ளைப் படம். பீரோவில் ஒரு கல்யாண ஆல்பம். 2000களில் ஸ்டுடியோக்காரர் கொடுத்த சி.டி. ஒன்று. அப்புறம் எல்லோருடைய செல்போனிலும் ஆயிரக்கணக்கான படங்கள். இந்த நான்கையும் ஒன்றாகக் காப்பாற்றுவதுதான் வீட்டின் உண்மையான தேவை. விளம்பரப் பலகை வடிவமைப்பவரின் தேவை வேறு, இந்த வீட்டின் தேவை வேறு.

வரலாறு சொல்வது ஒன்றுதான். மென்பொருளின் ஆயுள் குறைவு, படத்தின் ஆயுள் அதிகம். அதனால் 'எதில் வசதி அதிகம்' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, 'இந்த மென்பொருள் நாளை இல்லாமல் போனால் என் படம் என்ன ஆகும்?' என்பதே.

கணினிக்கு முன்பே எடிட்டிங்

படத்தை மாற்றுவது கணினி வந்த பிறகு தொடங்கிய பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப் 1858ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அந்தக் கால ரசாயனம் நீல ஒளிக்கு அதிகமாக வினை புரியும். கோபுரம் சரியாகப் பதிவாகும் நேரத்துக்குள் வானம் வெளுத்து வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களையும் மர இலைகளையும் திருத்தி வரைந்தார்!

அவர் செய்த இன்னொரு வேலை இன்றைய செல்போனின் 'பனோரமா'வை நினைவுபடுத்தும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வானம் நிரப்புவது, படம் ஒட்டுவது இரண்டும் தமிழ்நாட்டில் 165 வருடங்களுக்கு முன்பே நடந்தவை.

அதன் பிறகு ஊர் ஊராக ஸ்டுடியோக்கள் வந்தன. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் முகத் தழும்பை மறைப்பார்கள். பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் நிரப்புவார்கள். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் தீட்டுவார்கள். இதற்கெல்லாம் மக்கள் வைத்த பெயர் 'டச்சப்'. நம் வீடுகளில் இருந்து ஸ்டுடியோவுக்குப் போன மிக முக்கியமான டச்சப் வேலை எது தெரியுமா? வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் இருக்கும் ஒரே குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் தனியாக எடுத்து, பெரிதாக்கி, பின்னணியை மாற்றி, சட்டம் போட்டுக் கொடுப்பது. பல வீடுகளின் சுவரில் தொங்குவது அப்படி உருவான படம்தான்.

இந்தக் கால முறையில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்கு வருவது பிரிண்ட் மட்டும். நெகட்டிவ் பெரும்பாலும் எண் போட்டு ஸ்டுடியோவிலேயே இருக்கும். மறுபடி பிரதி வேண்டுமானால் அந்த எண்ணைக் கொண்டு அங்கேதான் போக வேண்டும். ஸ்டுடியோ மூடப்பட்டால் நெகட்டிவும் போய்விடும். மூலப்படம் யார் கையில் இருக்கிறதோ, பிடி அவர் கையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணினிக் காலத்திலும் இதே கதை வேறு உருவத்தில் திரும்ப வரும்.

பிலிமுக்கும் இதே நிலைதான். 1960ல் மத்திய அரசு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் அதன் பிலிம்கள் நாடெங்கும் விற்றன. கலர் பிலிமும் அதன் பிறகு டிஜிட்டல் கேமராவும் வந்ததும் அந்தத் தொழிற்சாலை நலிந்து கடைசியில் மூடப்பட்டது. ஆனால் அந்த பிலிமில் எடுத்த படங்கள் இன்றும் வீடுகளில் இருக்கின்றன. தயாரித்த கம்பெனி போனாலும் படத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. காகிதத்துக்கு இருந்த பெரிய பலம் அது.

போட்டோஷாப் வந்த கதை

1987ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் தாமஸ் நோல். அவருடைய மேகின்டாஷ் கணினியின் திரை கருப்பு, வெள்ளை இரண்டை மட்டுமே காட்டும். அதில் இடைப்பட்ட சாம்பல் நிறங்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஜான் நோல் இதைப் பார்த்து, "இதை முழு மென்பொருளாக்கலாம்" என்று ஊக்கம் கொடுத்தார். முதலில் அது ஒரு ஸ்கேனரோடு சேர்த்து ஏறக்குறைய 200 பிரதிகள் மட்டும் போனது. 1988ல் அடோபி நிறுவனம் உரிமம் பெற்றது. 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் 1.0 வெளிவந்தது. அதுவும் மேகின்டாஷுக்கு மட்டும்.

விண்டோஸுக்கு வந்தது 2.5 பதிப்பில். விண்டோஸ் பதிப்பில் உழைத்தவர்களில் ஒருவர் சீதாராமன் நாராயணன். போட்டோஷாப் திறக்கும் அந்தச் சில விநாடிகளில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்து, "அட, நம்ம ஊர்ப் பேரு!" என்று மகிழ்ந்தவர்கள் பலர். 1994ல் 3.0 பதிப்பில் 'லேயர்' வந்தது. ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து அதில் வரைவது போன்ற ஏற்பாடு. கீழே இருக்கும் படம் கெடாது. 2002ல் வந்த 7.0 பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' வந்தது. பழைய பிரிண்டில் இருக்கும் கீறலையும் முகத் தழும்பையும், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைக்கும் கருவி. ஸ்டுடியோக்காரர் மணிக்கணக்கில் பென்சிலால் செய்ததை இது நிமிடங்களில் செய்தது.

தமிழ்நாட்டில் போட்டோஷாப் 7.0 தனி மரியாதை பெற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 128 எம்.பி. ராம் இருந்தாலே அது ஓடும். வீட்டுக் கணினிகள் அன்று அந்த அளவில்தான் இருந்தன. பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் மூன்றும் சேர்ந்ததுதான் 'டி.டி.பி. கோர்ஸ்'. பத்தாவது முடித்தவர் முதல் பட்டதாரி வரை கம்ப்யூட்டர் சென்டரில் படித்தது அதையே. இதனால் என்ன ஆனது? ஸ்டுடியோவில் போட்டோஷாப், பிரஸ்ஸில் போட்டோஷாப், பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்ததும் போட்டோஷாப். சந்தேகம் கேட்க ஆள் இருக்கும் மென்பொருளைத்தான் வீடும் தேர்ந்தெடுத்தது. வணிகவியலில் இதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். எல்லோரிடமும் இருப்பதே வாங்குவதற்குக் காரணமாகிவிடும்.

'வாங்குவதற்கு' என்று சொன்னாலும் வாங்கியவர்கள் மிகக் குறைவு. போட்டோஷாப் 7.0ன் அமெரிக்க விலை 609 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 29,000 ரூபாய். ஒரு முழுக் கணினியின் விலைக்கு அருகில்! ஆகவே வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் திருட்டு சி.டி.தான். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவரே விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் மூன்றையும் 'ஃப்ரீயாக' ஏற்றிக் கொடுத்துவிடுவார். வாங்கியவருக்கு அது ஒரு தேர்வு என்றே தோன்றியிருக்காது. ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் என்கிறது. வியாபாரத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

'வீட்டுக்கு' என்றே வந்தவை

வீட்டுக்காரர் 600 டாலர் கொடுக்க மாட்டார் என்பது அடோபிக்கும் தெரியும். 2001ல் 99 டாலருக்கு 'போட்டோஷாப் எலிமெண்ட்ஸ்' வந்தது. அச்சகத்துக்குத் தேவையானவற்றை எடுத்துவிட்டு, சிவந்த கண்ணைச் சரி செய்வது போன்ற வீட்டு வேலைகளை எளிதாக்கியிருந்தார்கள். அதற்கு முன்பே ஜாஸ்க் நிறுவனத்தின் பெயிண்ட் ஷாப் புரோ இருந்தது. 1996ல் இர்ஃபான் ஸ்கில்ஜன் என்பவர் எழுதிய இர்ஃபான்வியூ, வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். சின்ன மென்பொருள். படத்தைத் திறக்க, வெட்ட, அளவு குறைக்க அதுவே போதும். வேலை விண்ணப்பத்துக்குப் படத்தை இத்தனை கே.பி.க்குள் சுருக்க வேண்டும் என்றால் இன்றும் அது கை கொடுக்கும்.

இவற்றில் வீடுகளுக்கு மிகவும் நெருங்கி வந்தது பிகாஸா. 2004ல் கூகுள் இதை வாங்கி இலவசமாக்கியது. கணினியில் எங்கெங்கோ கிடக்கும் படங்களைத் தேடிப் பிடித்து வருட வாரியாக அடுக்கும். ஒரே பட்டனில் வெளிச்சத்தைச் சரி செய்யும். 2009ல் முகங்களை அடையாளம் காணும் வசதியும் வந்தது. "இது பாட்டி", "இது மாமா" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அவர்கள் இருக்கும் மற்ற படங்களையும் தேடித் தரும்.

பிகாஸா செய்த ஒரு நல்ல காரியம், மூலப்படத்தைத் தொடாமல் திருத்தியது. "இந்தப் படத்தை இவ்வளவு வெட்டு, இவ்வளவு வெளிச்சம் கூட்டு" என்ற குறிப்பை மட்டும் அதே ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். சேமிக்கச் சொன்னால் மூலத்தை வேறொரு மறைவான ஃபோல்டரில் பத்திரப்படுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குறிப்புகளை முழுதாகப் படிக்கத் தெரிந்தது பிகாஸாவுக்கு மட்டுமே. 2016 மார்ச்சில் கூகுள் பிகாஸாவை நிறுத்தியது. மூலப்படங்கள் தப்பின. ஆனால் படத்துக்குள் எழுதப்படாமல் அந்தக் குறிப்புக் கோப்புகளில் மட்டும் இருந்த திருத்தங்களும், யார் யார் என்று உட்கார்ந்து போட்ட பெயர்களும் வேறு மென்பொருளுக்குத் தானாக வந்து சேரவில்லை. பாட்டியின் படம் இருக்கிறது. அது பாட்டி என்று கணினிக்குச் சொன்ன உழைப்பு போய்விட்டது.

ஸ்டுடியோ மூடியதும் நெகட்டிவ் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜிம்ப்பும் காக்களூர் மடிக்கணினியும்

1995ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது 'ஜிம்ப்'. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம், நிரலைத் திறந்து மாற்றலாம். லேயர், குளோன், வளைகோடு என்று வீட்டுக்குத் தேவையான எல்லாம் உண்டு.

தமிழர்களுக்கு ஜிம்ப்பில் தனியாக ஒரு லாபம் இருந்தது. படத்தின் மேல் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்றோ 'கண்ணீர் அஞ்சலி' என்றோ தமிழில் எழுத வேண்டும் அல்லவா? யூனிகோட் தமிழில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு அன்றைய போட்டோஷாப்பில் இல்லை. எழுத்துகள் உடைந்து வரும். அதனால் டி.டி.பி. மையங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையே நம்பியிருந்தன. 2004ல் வந்த ஜிம்ப் 2.0, பாங்கோ என்ற எழுத்துக் கோப்பு நூலகத்தைப் பயன்படுத்தியதால் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டியது. போட்டோஷாப்பில் இந்த வசதி வந்தது பல வருடங்கள் கழித்துதான்.

அப்படியானால் தமிழ்நாடு முழுவதும் ஜிம்ப் பரவியிருக்க வேண்டுமே? அதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. அதுவும் எளாவூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், காக்களூரில் நடந்த விழாவில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கணினியே இல்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது பாஸ். ஜிம்ப்பை ஒரு பைசா செலவில்லாமல், சட்டப்படி, அதில் நிறுவிக்கொள்ளலாம்.

நடந்தது வேறு. பலர் பாஸ் பக்கம் போகவே இல்லை. சிலர் அதை நீக்கிவிட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுத்தார்கள். பிறகு பென்டிரைவில் யாரிடமிருந்தோ போட்டோஷாப் வந்து சேர்ந்தது. இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சொல்லித்தர ஆள் இல்லை. ஜிம்ப்பிலும் குறை இருந்தது. கருவிப் பெட்டி ஒரு ஜன்னல், லேயர் ஒரு ஜன்னல், படம் ஒரு ஜன்னல் என்று திரை முழுதும் சிதறிக் கிடக்கும். 2012ல் 2.8 பதிப்பில்தான் எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் வந்தன. மூலப்படத்தைத் தொடாமல் திருத்தும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் வந்தது. இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது, பழக்கம் உருவாக வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வாடகைக் காலம்

2013ல் அடோபி ஒரு பெரிய முடிவு எடுத்தது. இனிமேல் போட்டோஷாப்பின் புதிய பதிப்புகளை ஒரேயடியாக விலை கொடுத்து வாங்க முடியாது. மாதச் சந்தா அல்லது வருடச் சந்தா கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். அதே சமயத்தில், 2005ல் வந்த சி.எஸ்.2 பதிப்பை இயக்க அனுமதி தரும் சர்வரை அடோபி நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்காக, அனுமதி கேட்காத பிரதியைத் தனியாகத் தர வேண்டியதாயிற்று. வாங்கியதும்கூட முழுதாக நம்முடையது இல்லை என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. வீட்டுக்கென்று வந்த எலிமெண்ட்ஸும் இந்த வழிக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் வெளியான அதன் 2025 பதிப்பு 3 வருட உரிமத்தோடு விற்கப்பட்டது.

இதை வணிகவியல் கண்ணோடு பாருங்கள். வருமான வரி விதிகளில் கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் ஒரு காலத்தில் வருடத்துக்கு 60 சதவீதம். 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம். இந்தப் புதிய கணக்கில் 10,000 ரூபாய் மென்பொருள் முதல் வருட முடிவில் 6,000, அடுத்து 3,600, மூன்றாம் வருடம் 2,160 என்று குறையும். மென்பொருள் சீக்கிரம் தேயும் சொத்து என்று வரிச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பீரோவில் இருக்கும் கல்யாண ஆல்பத்துக்குத் தேய்மானம் உண்டா? வருடம் ஆக ஆக அதன் மதிப்பு ஏறத்தான் செய்யும். தேயும் சொத்தை நம்பி ஏறும் சொத்தை ஒப்படைக்கிறோம் என்ற எச்சரிக்கை தேவை.

செல்போன் காலத்தில் இந்தக் கதை இன்னும் வேகமாக ஓடியது. 2011ல் வந்த ஸ்னாப்சீட் 2012ல் கூகுளிடம் போய் இலவசமானது. 2015ல் கூகுள் போட்டோஸ், "எத்தனை படம் வேண்டுமானாலும் வையுங்கள்" என்று வந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை முடிந்தது. 15 ஜி.பி.க்கு மேல் போனால் காசு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே பட்டியலில் பியூட்டிபிளஸ், மெய்டு, யூகேம் மேக்கப் போன்ற பட அலங்காரச் செயலிகளும், காகிதங்களை ஸ்கேன் செய்யப் பலர் வைத்திருந்த கேம்ஸ்கேனரும் இருந்தன. ஒரே இரவில் போன செயலிகள். காரணம் கம்பெனியாக இருக்கலாம், அரசாக இருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கு விளைவு ஒன்றுதான்.

காகிதத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் வீடுகளுக்குள் புகுந்தபோது பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த ஆல்பங்களும் நனைந்தன. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே உரிந்து வரும். கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கு, ஊரில் எடுத்த ஒரு படத்துக்கு இன்னொரு பிரதி எங்கே கிடைக்கும்? இப்படிப்பட்ட படங்களுக்கு டிஜிட்டல் நகல் எடுத்து வைப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாற்றிலிருந்து நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது, மூலப்படம் கெடாமல் இருக்கிறதா? ஜே.பி.ஜி. படத்தைத் திறந்து திருத்தி மறுபடி ஜே.பி.ஜி.யாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் போகும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஆகவே மூலத்தைத் தொடாத மென்பொருள், இல்லையென்றால் நகலில் மட்டும் வேலை செய்யும் பழக்கம், இரண்டில் ஒன்று கட்டாயம்.

இரண்டாவது, செய்த வேலை வேறு மென்பொருளில் திறக்குமா? பெயர், தேதி, குறிப்பு எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டால் நல்லது. தனிக் கோப்பில் இருந்தால் பிகாஸா கதைதான்.

மூன்றாவது, காசு கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும்? மாதம் இவ்வளவு என்று பார்க்காமல் பத்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். வீட்டுப் படங்கள் பத்து வருட விஷயமும் இல்லை, ஐம்பது வருட விஷயம்.

நான்காவது கேள்வி புதியது. மென்பொருள் படத்தைச் சரி செய்கிறதா, புதிதாக வரைகிறதா? இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கிப்போன முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. பழைய பிரிண்டில் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அவை யூகித்துத்தான் வரைய முடியும். ட்ரைப் தன் வானத்தில் மேகம் வரைந்தார், கோபுரம் கோபுரமாகவே இருந்தது. தாத்தாவின் முகத்தில் வேறு யாருடைய சாயலோ வந்து உட்கார்ந்தால், அவரைப் பார்த்தே இராத பேரனுக்கு அது தெரியப்போவதில்லை. அப்படிச் செய்த படத்தை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. மூலத்தை மட்டும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் ஒரு சாதாரண வீட்டுக்கு விடை எளிது. செல்போனில் வெட்டவும் வெளிச்சம் கூட்டவும் போனோடு வரும் எடிட்டர் அல்லது ஸ்னாப்சீட் போதும். கணினியில் சின்ன வேலைக்கு இர்ஃபான்வியூ. கீறல், கிழிசல், பின்னணி மாற்றம் போன்ற பெரிய வேலைக்கு ஜிம்ப் 3.0. ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கிப் பெயர் போட, இலவசமான டிஜிகேம், பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி அமைத்துவிட்டு. 2025 அக்டோபர் முதல் அஃபினிட்டி மென்பொருளும் இலவசம், ஆனால் கேன்வா கணக்கு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். போட்டோஷாப்பை வேலைக்காகக் கற்பவர்கள் சந்தா கட்டிக் கற்கலாம். அது தொழில் முதலீடு. குடும்ப ஆல்பத்தைக் காக்க அது தேவையில்லை.

மென்பொருளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நல்ல ஸ்கேன். 3 அங்குல அகலப் படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 1,800 புள்ளிகள். அதை 12 அங்குலச் சுவர்ப் படமாக்கினால் ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளிதான் கிடைக்கும், மங்கலாக இருக்கும். 1,200 டி.பி.ஐ.யில் எடுத்தால் 3,600 புள்ளிகள், அங்குலத்துக்கு 300. ஸ்டுடியோ தரம். சேமிக்கும்போது டிஃப் வடிவில் ஒரு மூலம், பயன்பாட்டுக்கு ஜே.பி.ஜி.யில் ஒரு நகல். மூலத்துக்கு இரண்டு பிரதிகள், இரண்டும் ஒரே வீட்டில் இல்லாமல்.

முடிவுரை

ட்ரைப்பின் தூரிகை, ஸ்டுடியோக்காரரின் பென்சில், போட்டோஷாப் 7.0, பிகாஸா, கூகுள் போட்டோஸ்... கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, இனியும் மாறும். இன்று சிறந்தது என்று சொல்லப்படும் மென்பொருளின் பெயர் பதினைந்து வருடம் கழித்து யாருக்கும் நினைவில்லாமல் போகலாம். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, மூலப்படம் வீட்டில் பத்திரமாக இருந்தால். சுவரில் தொங்கும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை இந்த வாரமே கீழே இறக்கி, தூசி தட்டி, ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் பெயரையும் வருடத்தையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எந்த மென்பொருள் என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.